அளக்கப் போனது மூளைத் தொடர்பை, அளந்தது தலையாட்டத்தை

போன கிழமை கொக்குவில்ல எங்கட வீட்டு விறாந்தைக்கு ரெண்டு பெடியள் லாப்டொப்போட வந்தவை. ரெஸ்டிங் ஸ்டேட் எஃப்எம்ஆர்ஐ (ஆள் ஒண்டும் செய்யாமக் கிடக்கேக்க எடுக்கிற மூளை ஸ்கேன்) டேட்டா இறக்கி, கோரிலேஷன் மேட்ரிக்ஸ் (மூளையின்ர எந்தெந்த இடத்துச் சிக்னல் சேந்து ஏறி இறங்குது எண்ட அட்டவணை) போட்டு, சிவப்பும் நீலமுமா ஒரு படம். "அண்ணை, ரெண்டு குறூப்புக்கும் வித்தியாசம் வந்திட்டுது!" எண்டு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வயித்தைக் கலக்கிச்சுது, நானும் ஒருக்கா இதே சிரிப்புச் சிரிச்சனான். இந்த வேலையில ஃபைல் பேர் பிழைக்கிற மாதிரிப் பிழையெல்லாம் தானாத் திருந்தும், அதை விடுவம். தானாத் திருந்தாத பிழையளைச் சொல்லுறன்.

தலை ஆடினதைப் பாக்காம விடுறது

இதை நினைச்சா இப்பவும் விசர் வரும். நான் எடுத்தது ஏடிஎச்டி-200 எண்ட டேட்டா. ஏடிஎச்டி எண்டா கவனம் நிக்காம, துறுதுறு எண்டு இருக்கிற குறைபாடு. அது இருக்கிற பிள்ளையளையும் இல்லாத பிள்ளையளையும் ஒப்பிட்டுப் பாத்தா பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குள்ள தொடர்பு கூட, தூர இடங்களுக்குள்ள குறைவு, வடிவான பேட்டர்ன். ஏழு மாசம் அதை வச்சு எழுதித் தள்ளினன். பிறகு எனக்குப் படிப்பிச்சவர் ஒண்டே ஒண்டு கேட்டார்: "இதில ஆர் கூட ஆடினது?" அண்டிரவு ஒவ்வொரு பிள்ளையின்ரயும் சராசரி ஃப்ரேம்வைஸ் டிஸ்ப்ளேஸ்மென்டுக்கு (ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையில தலை எவ்வளவு அசைஞ்சது எண்ட அளவு) எதிரா என்ர தொடர்பு எண்ணைப் போட்டுப் பாத்தன். புள்ளியெல்லாம் மாடிப்படி மாதிரி ஏறிப் போகுது. துறுதுறு எண்டு நிக்கிற பிள்ளை ஸ்கேனருக்குள்ள மட்டும் ஆடாமக் கிடக்குமோ?

தலை அசைவால இப்பிடி வரும் எண்டு 2012இல பவர் எண்ட ஆராய்ச்சியாளரின்ர குழு காட்டினதும் இதே பேட்டர்ன்தான், வாசிச்சுமிருந்தனான், எனக்கு நடக்காது எண்டு ஒரு நினைப்பு. சோளகம் அடிக்கேக்க வேலியில நிக்கிற ரெண்டு பனையும் ஒண்டா ஆடுது எண்டதுக்காக ரெண்டையும் ஆரோ கயித்தால கட்டியிருக்கினம் எண்டு சொல்லுவமோ?

ரீஅலைன்மென்ட் செய்தாச்சே எண்டாதேங்கோ. அது படத்தை நேராக்கி வைக்கும், அசையேக்க சிக்னலுக்குள்ள விழுந்த குழப்பம் அப்பிடியே கிடக்கும். 24 அசைவு அளவுகளை ரிக்ரஷன்ல (அசைவால வந்த பங்கைக் கணக்குப் போட்டுக் கழிக்கிறது) எடுங்கோ, 0.5 மிமீக்கு மேல போன ஃப்ரேம்களை வெட்டுங்கோ (கண்டிப்பானவை 0.2 எண்டுவினம்), வெட்டின பிறகு ஒரு ஆளுக்கு எத்தினை நிமிசம் மிஞ்சுது எண்டு எண்ணுங்கோ, கடைசியா ஒவ்வொரு தொடர்பும் அசைவோட சேந்து ஏறி இறங்குதோ எண்டு திரும்பப் பாருங்கோ. இவ்வளவும் செய்து முடிய என்ர ஏழு மாசத்தில மிஞ்சினது ஒண்டுமில்லை.

பெடியளிட்டயும் கேட்டன், அசைவு ஃபைல் எங்க எண்டு. ஆளை ஆள் பாத்தினம்.

குளோபல் சிக்னல்

முழு மூளையின்ரயும் சராசரிச் சிக்னல்தான் இது. அதைக் கழிச்செடுத்தா நெகடிவ் கோரிலேஷன் (ஒண்டு ஏற மற்றது இறங்குறது) கணக்காலயே முளைக்கும், 2009இல மர்ஃபி எண்ட ஆராய்ச்சியாளரின்ர குழு காட்டினது. கழிக்காட்டி மூச்சாலயும் அசைவாலயும் வந்த குழப்பம் உள்ளுக்க நிக்கும். சண்டை இன்னும் முடியேல்ல, ரெண்டு விதமாயும் போட்டுக் காட்டுறதுதான் மரியாதை.

ஃபில்டர் போடுற ஒழுங்கு

டேட்டாவை 0.01 - 0.1 ஹெர்ட்ஸுக்கு ஃபில்டர் பண்ணிப்போட்டு (அந்த மெல்லிய ஏற்ற இறக்கத்தை மட்டும் வச்சு மிச்சத்தைக் கலைச்சுப்போட்டு), ஃபில்டர் பண்ணாத அசைவு அளவை ரிக்ரஷன்ல போட்டா, கலைச்ச குப்பை பின்கதவால திரும்ப வரும். ரெண்டையும் ஒரே மொடலுக்குள்ள செய்யுங்கோ.

4005

மூளையை 90 இடமாப் பிரிச்சா 4005 சோடி. ஒவ்வொரு சோடியையும் 5 வீதப் பிழை மட்டத்தில சோதிச்சுப் பாத்தா சும்மாவே 200 அளவில "வித்தியாசம்" வரும். எஃப்டிஆர் (இப்பிடிச் சும்மா வாற பொய் வித்தியாசத்தைக் கட்டுப்படுத்துற திருத்தம்) போடாம என்னட்ட வராதேங்கோ.

அம்புக்குறி

கோரிலேஷனுக்குத் திசை இல்லை, எந்த இடம் எதை இயக்குது எண்டு அது சொல்லாது. பெடியள் அம்பும் கீறி வச்சிருந்தவை, அழிக்கச் சொன்னன்.