கண்ணில் படாத கமிஷன்: குறைந்த செலவு முதலீட்டில் நாம் செய்யும் தவறுகள்

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகையை இறக்கும் விவசாயிக்கு, கமிஷன் கடைக்காரர் எவ்வளவு கழித்தார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் அங்கேயே சண்டை போடலாம். மியூச்சுவல் ஃபண்டில் அந்த வசதி இல்லை. ஃபண்டை நடத்த எடுக்கும் கட்டணமான செலவு விகிதத்தை நாள்தோறும் துளித்துளியாகக் கழித்துக்கொண்டு, மீதியைத்தான் என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் மதிப்பு) என்று காட்டுகிறார்கள். பில் வராததால் கட்டணமே இல்லை என்று நினைப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

உங்கள் அறிக்கையில் ஃபண்டின் பெயரை முழுதாகப் படியுங்கள். வால் பகுதியில் 'ரெகுலர்' என்று இருந்தால், விற்றவருக்கு ஆண்டுதோறும் கமிஷன் போகிறது. 'டைரக்ட்' என்றால் போகவில்லை. மேலாளரும் ஒருவரே, வாங்கும் பங்குகளும் அவையே. 2013 ஜனவரி முதல் இந்த வழி திறந்திருக்கிறது. போன கமிஷன் எத்தனை ரூபாய் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொகுப்பு அறிக்கையில்கூட அச்சிடுகிறார்கள். அந்த மின்னஞ்சலைத் திறப்பவர்கள்தான் குறைவு.

அந்தக் கமிஷன் ஒரு சதவீதம்தானே என்று தள்ளிவிடுகிறோம். மாதம் 5,000 ரூபாயை 20 ஆண்டுகள் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் ஏறத்தாழ 50 லட்சம், 11 சதவீதம் என்றால் 43.7 லட்சம். இந்த வளர்ச்சி வெறும் அனுமானம், யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் 12 லட்சம் போட்டவர் கையிலிருந்து 6 லட்சத்துக்கு மேல் நழுவுவதற்கு அந்த ஒரு சதவீதம் போதும்.

இதைப் படித்த வேகத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் டைரக்டுக்கு மாற்றுவது அடுத்த தவறு. சட்டத்தின் கண்ணில் அது விற்று வாங்குவதுதான். பல பங்கு ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் வெளியேறினால் ஒரு சதவீதம் கட்டணம் உண்டு. ஓராண்டுக்குள் எடுத்த லாபத்துக்கு 20 சதவீத வரியும் வரும். ஓராண்டு தாண்டிய லாபத்தில், ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். திருமங்கலத்தில் இருக்கும் ஓர் ஆசிரியைக்கு அப்படி 2 லட்சம் லாபம் நிற்கிறது என்றால், பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் மாற்றலாம். அந்த ஆண்டுகளில் இதுபோன்ற வேறு லாபம் இல்லாதவரை வரி இல்லாமலே வேலை முடியும். மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி.யை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிட்டு டைரக்டில் புதிதாகத் தொடங்கிவிடலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

'இண்டெக்ஸ்' என்ற பெயரைக் கண்டதும் மலிவு என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 50-ஐ அப்படியே பின்பற்றும் ஃபண்டில் மேலாளர் மூளையைக் கசக்க வேண்டியதில்லை, அதனால் செலவு குறைவு. ஆனால் இண்டெக்ஸ் ஃபண்டிலும் ரெகுலர் உண்டு. ஒரே ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு ஓடும் இண்டெக்ஸ்களும் உண்டு. செலவு குறைவு என்பதால் அவற்றின் ஆபத்து குறைந்துவிடாது. புதிய ஃபண்டின் யூனிட் 10 ரூபாய் என்பதும் மலிவு அல்ல, வெறும் தொடக்க எண்.

பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டான இ.டி.எஃப். வாங்குபவர்கள் செலவு விகிதத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதை வைத்திருக்கும் டீமேட் கணக்கின் கட்டணம், தரகு இரண்டும் தனி. வியாபாரம் குறைவான இ.டி.எஃப்.பில் சந்தை விலை உண்மை மதிப்பைவிட எகிறி நிற்கலாம். விலை வரம்பு குறிப்பிடாமல் ஆர்டர் போட்டால், மிச்சம் பிடித்த கட்டணம் அங்கேயே போய்விடும்.

கமிஷன் வாங்குபவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் நிஃப்டி ஜனவரி உச்சத்திலிருந்து 38 சதவீதம் சரிந்தபோது, "விற்காதீர்கள்" என்று தொலைபேசியில் தடுத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். சந்தை விழுந்தால் தூக்கம் போகும், தனியாக முடிவெடுக்க வராது என்பவர், பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியில் பதிவு செய்த, கட்டணம் மட்டும் வாங்கும் ஆலோசகர் ஒருவரைத் தேடிப் பிடிப்பது நல்லது. அதுவும் அமையாவிட்டால், அவர் ரெகுலரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.