மரக்கறிக்கு மின்சாரமில்லாத குளிர்த்தொட்டி

வெண்டியைக் காலையில் பிடுங்கிவிட்டு அடுத்த நாள் தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் லொறிக்குக் காத்திருந்தால், அந்த ஒரு பகலே நிறையையும் விலையையும் குறைத்துவிடும். அந்த இடைவெளிக்கு, இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவே மணல் நிரப்பி நனைத்த ஈரமணல் தொட்டி போதும். டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆய்வு நிறுவனம் 1980களில் இதை உருவாக்கியது. ஏறக்குறைய 100 கிலோ கொள்ளும்.

கிணற்றடிக்குக் கிட்ட, மாரியில் தண்ணீர் தேங்காத மேட்டில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தடையின்றி வரும் இடமாகப் பாருங்கள். மேலே கிடுகுக் கொட்டில், பக்கங்கள் திறந்தபடி. செங்கல் பரப்பிய தளம் 165 × 115 செ.மீ. அதன்மேல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அரைக்கல் சுவர், நடுவே 7.5 செ.மீ. இடைவெளி, உயரம் 67.5 செ.மீ. உடைசலோடு 430 கல் வரும். கல் 11 செ.மீ. அகலமென்றால் உள்ளே 106 × 56 செ.மீ. மிஞ்சும், கூடையை அளந்த பிறகே தளத்தைக் குறியுங்கள். இடைவெளியை உப்பில்லாத ஆற்றுமணலால் நிரப்புங்கள். ஒரு கியூப்பில் (100 கன அடி) பத்திலொரு பங்கும் தேவைப்படாது.

வடிவாக இருக்கட்டுமென்று சுவருக்குச் சீமெந்து பூசினால் வேலை கெட்டது. ஈரம் கல்லினூடாக வெளியேறி ஆவியானால்தான் குளிரும். கல்சியம் கூடிய கிணற்றுநீரும் நாளடைவில் வெள்ளையாகப் படிந்து துளைகளை அடைக்கும். தும்புத் தூரிகையால் தேய்த்துவிடுங்கள்.

முதல்நாள் மணலும் கல்லும் ஊறும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு காலையும் மாலையும், நாளுக்கு 40–50 லீற்றர். மணலின் மேல் சொட்டுநீர்க் குழாய் போட்டால் இன்னும் நல்லது. விரலை விட்டுப் பாருங்கள்: மேல்மணல் ஈரமாகத் தெரிந்தாலும் அடி காய்ந்திருக்கும்.

மூடிக்கு மரச்சட்டம், கம்பிவலை, ஈரச்சாக்கு. வலை எலிக்கு மட்டுமல்ல, குளிர்ச்சி தேடி வரும் பாம்புக்கும்தான். சட்டத்தைக் கறையான் விடாது, மாதமொருமுறை பாருங்கள்.

காய்களை நிழலில் ஆறவிட்டு, கழுவாமல், காம்போடு கூடையில் வையுங்கள். சாக்கில் அடைத்தால் நடுவிலுள்ளவை வெந்துபோகும். பழுத்த பப்பாசி, வாழை, தக்காளியைத் தனியே வையுங்கள். அவை விடும் எதிலீன் வாயு கீரையையும் வெண்டியையும் மஞ்சளாக்கும்.

35 பாகை செல்சியஸ் வெயிலில் ஈரப்பதன் 45 வீதமாக இருந்தால் தொட்டி அதிகபட்சம் 25 பாகைவரை இறங்கலாம். பெரும்பாலும் அதற்கு ஓரிரு பாகை மேலேதான் நிற்கும். குளிரை விட, உள்ளே நிற்கும் ஈரக்காற்றே வாட்டத்தைத் தடுக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் ஓரிரு பாகைதான் குறையும், பூஞ்சணமும் பிடிக்கும். அப்போது தண்ணீரைக் குறைத்து, வாரமொருமுறை வெறுமையாக்கிக் காயவிடுங்கள். உலர்வாக இருக்கவேண்டிய வெங்காயம், செத்தல் மிளகாய், கச்சான் எந்த மாதத்திலும் இதற்குள் போகக்கூடாது.