பரிசல் வாங்கிய புதிதில் செய்யக் கூடாதவை

போன வாரம் நாகமரைத் துறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தருமபுரிப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் ஒரு புதுப் பரிசலை இறக்கினார்கள். மேட்டூர் அணையின் தேக்கத் தண்ணீரில் கரையோரமாகவே ஒட்டனூர் வரை போய், ராத்திரி தங்கி மீன் பிடித்து, மறுநாள் திரும்புவதாகத் திட்டம். பத்தே நிமிடம்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த கூத்தில் பாதியைச் செய்து காட்டிவிட்டார்கள்.

லைஃப் ஜாக்கெட் போடாதது, தண்ணி அடித்துவிட்டு ஏறுவது, ஒகேனக்கல்லில் தடை போட்ட நாளில் திருட்டுத்தனமாக இறங்குவது, இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. தெரிந்தே செய்கிறவனுக்கு நான் என்ன சொல்ல?

பக்கவாட்டில் துடுப்புப் போடுவது

பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வட்டத் தட்டு. பக்கவாட்டில் துழாவினால் நின்ற இடத்திலேயே சுற்றும். போக வேண்டிய திசையைப் பார்த்துக் குந்தி, முன்னால் இருக்கிற தண்ணீரை உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். இடது ஒன்று, வலது ஒன்று. முதல் நாள் நான் அரை மணி நேரம் சுற்றியதைப் பார்த்துக் கரையில் துணி துவைத்த பாட்டி கேட்டாள்: "என்ன சாமி, மாவாட்டறியா?"

எழுந்து நிற்பது

நிற்காதீர்கள். செல்ஃபிக்கும்தான்.

கயிற்றைக் குட்டையாகக் கட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது ஒரு ஆடி மாதம். மாமா பரிசலை இரவல் வாங்கிக்கொண்டு தனியாகப் போயிருந்தேன். அணையில் தண்ணீர் நன்றாக இறங்கிக் கிடந்தது. முழுகிப்போன பழைய மரங்களின் கட்டைகள் கரையோரம் வெளியே தெரிந்தன. சாயங்காலம் அப்படி ஒரு கட்டையில் பரிசலைக் கட்டினேன். மூன்று முழக் கயிறு, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. வலையையும் துடுப்பையும் உள்ளேயே போட்டுவிட்டு, மேட்டில் ஏறிச் சோறாக்கித் தின்றுவிட்டுப் படுத்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

விடிந்து பார்த்தால் கட்டையைக் காணோம். கரை இருந்த இடமே இல்லை. தண்ணீர் மேட்டுக்குப் பாதி தூரம் ஏறி வந்திருந்தது. பரிசலின் ஒரு பக்க விளிம்பு மட்டும் முதலை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏற ஏறப் பரிசலும் ஏறப் பார்த்திருக்கிறது. கயிறு விடவில்லை. கட்டிய பக்கம் விளிம்பு அமுங்கி, அது வழியாகவே தண்ணீர் புகுந்துவிட்டது. முடிச்சு அவிழ்ந்திருந்தால்கூடப் பரிசல் மிதந்து எங்காவது ஒதுங்கியிருக்கும். வலை போனது, துடுப்பு போனது, விளிம்பு மூங்கில் முறிந்தது. எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். மாமா வந்து முறிந்த விளிம்பையும் கயிற்றையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முடிச்சு மட்டும் நல்லாப் போட்டிருக்கடா மாப்ள" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

எரிச்சல் எதற்கென்றால், தண்ணீர் வரும் என்று எனக்குத் தெரியும். கர்நாடகத்தில் கபினி அணையைத் திறந்துவிட்டதாக இரண்டு நாள் முன்பே பேப்பரில் படித்திருந்தேன். இங்கே மழை இல்லையே என்ற நினைப்பில் அதை மூளையில் ஏற்றவில்லை. இந்தப் பையன்களும் அன்றைக்கு அதையேதான் சொன்னார்கள்: "வானம் வெளுத்துக் கெடக்குதேங்ணா." வயநாட்டிலும் குடகிலும் பெய்கிற மழைதான் நம் கரையில் ஏறுகிறது. ஏரியூர் வானத்தைப் பார்த்து என்ன பயன்?

கணக்கு சுலபம். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. அணை நிறைந்திருக்கும்போது அந்த 1 டி.எம்.சி.க்கு மட்டம் அரை அடிக்குக் கொஞ்சம் மேலேதான் ஏறும். அணை காய்ந்து கிடக்கும்போது பரப்பு சுருங்கிவிடுவதால் அதே தண்ணீர் அதைவிட வெகு அதிகமாகத் தூக்கிவிடும். 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த மட்டம், 30ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. ஆகவே கிளம்பும் முன் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் வரத்து எவ்வளவு, கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறப்பு எவ்வளவு என்று பாருங்கள். முந்தாநாள் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கரையில் இறங்கியதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நடுங்கள். சாப்பிட்டதும் டார்ச் அடித்துப் பாருங்கள். குச்சி நனைந்திருந்தால், நுரையும் சருகும் சேர்ந்து மிதந்து வந்தால், தூக்கத்தை மறந்துவிடுங்கள். பரிசலை ஆள் உயரத்துக்கு மேலே மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டு, மேலே இருக்கிற உயிர் மரத்தில் நீளக் கயிற்றால் கட்ட வேண்டும். நிமிர்த்தி வைத்தால் காற்று சக்கரம் மாதிரி உருட்டிக்கொண்டு போகும். வலையும் துடுப்பும் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும்.

காற்றைக் கணக்கில் எடுக்காதது

ஆடிக்காற்று மேற்கேயிருந்து வரும். நம் கரை கிழக்கு. காலையில் காற்று அடங்கியிருக்கும்போது எதிர்க்கரையில் பண்ணவாடிப் பக்கம் போய்விட்டால், மத்தியானக் காற்றே வீட்டில் கொண்டுவந்து விடும். அந்தப் பக்கத்து ஆளுக்கு இதுவே தலைகீழ்.

அன்றைய பையன்களில் ஒருவன் ஃபிளெக்ஸ் பேனரைப் பாயாகப் பிடித்தான். காதுகுத்து பேனர். அடியில் தண்ணீரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாத வட்டத் தட்டுக்குப் பாய் எதற்கு? காற்று தள்ளுகிற பக்கம் போகும், கூடவே சுற்றும். பேனரில் இருந்த குழந்தையின் முகம் கரைக்கு ஒரு தரம், தண்ணீருக்கு ஒரு தரம் தெரிந்தது.

காட்டுக் கரையில் தங்குவது

ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரிக் கரைக் காடு வன உயிரின சரணாலயம். அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது. யானை உங்களிடம் அனுமதி கேட்காது.

காய்ந்த சேற்றை நம்புவது

ஜூன் 12ல் டெல்டாவுக்குத் திறக்கிற வருடங்களில், மேலே மழை பிடிக்கிற வரை மட்டம் இறங்கிக்கொண்டே போகும். விட்டுப்போன வண்டல் மேலே ஓடு மாதிரி வெடித்துக் கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் தொடை வரை இறங்கும். மாட்டுக் குளம்புத் தடம் தெரிகிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஆட்டுத் தடத்தை நம்ப வேண்டாம். ஆட்டுக்கு எடை ஏது?