கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி மறுக்கப்பட்டால் செய்ய வேண்டியவை

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசிக்கு (பட்டியலில் உள்ள கடும் நோய் வந்தால் மொத்தமாகப் பணம் தரும் காப்பீடு) விண்ணப்பித்து, "உடல்நல வரலாறு காரணமாக ஏற்க இயலவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்ததும் அடுத்த கம்பெனிக்கு ஓட வேண்டாம். அங்கே தரும் படிவத்திலும் "இதற்குமுன் எந்த நிறுவனமாவது மறுத்ததுண்டா?" என்ற கேள்வி இருக்கும். ஆம் என்றுதான் எழுதியாக வேண்டும். காரணம் தெரியாமல் அப்படி எழுதினால் பெரும்பாலும் அதே பதில்தான் வரும்.

முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் தெரிவிப்பது காப்பீட்டு நிறுவனத்தின் கடமை. "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு" என்று ஏஜென்ட் சொல்வது கணக்கில் வராது. எந்த நோய், எந்தப் பரிசோதனையின் எந்த அளவு, நிரந்தர மறுப்பா அல்லது தள்ளிவைப்பா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தள்ளிவைப்பு என்றால் எத்தனை மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்பதையும் கேட்டு வையுங்கள்.

மெடிக்ளைம் கொடுத்த கம்பெனியே இதை மறுக்கிறதே என்று பலருக்கும் கோபம் வரும். மெடிக்ளைம் மருத்துவமனை பில்லை அடைக்கிறது. பழைய நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைத்துவிட்டு மற்றதற்குக் கொடுக்கலாம். கிரிட்டிக்கல் இல்னஸில், பட்டியலில் உள்ள நோய் உறுதியானதும் மொத்தத் தொகையும் ஒரே தடவையில் போய்விடும். அந்தப் பட்டியலில் இருக்கும் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு மூன்றுக்குமே சர்க்கரையும் பிரஷரும் வழி. அந்த மூன்று நோய்களையும் விலக்கிவிட்டால் பாலிசியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அதனால் நேராக மறுத்துவிடுகிறார்கள்.

மறுப்பை மாற்ற முடிகிற இடம் பெரும்பாலும் காகிதத்தில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை (மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம்) வரி வரியாகப் படியுங்கள். அவசரப் பிரிவில் கூட வந்தவர் "ரொம்ப வருஷமா சுகர்" என்று சொல்லியிருப்பார்; டியூட்டி டாக்டர் பத்து வருடம் என்று எழுதியிருப்பார். அதை நீங்கள் அடித்துத் திருத்தக் கூடாது. சர்க்கரை முதலில் கண்டறியப்பட்ட தேதியுள்ள பழைய சீட்டைக் காட்டி, பதிவு எண்ணோடு கூடிய லெட்டர்ஹெட்டில் மருத்துவரிடமே திருத்தக் கடிதம் வாங்குங்கள். உள்நோயாளி ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி.

கட்டி அகற்றியவர்கள் அடிக்கடி சிக்குவது பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் இல்லாமல். "சாதாரணக் கட்டிதான்" என்ற வாய்மொழி செல்லாது. ரிப்போர்ட் இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனம் மோசமானதையே நினைக்கும்.

ஹெச்பிஏ1சி கூடுதல் என்பதுதான் காரணம் என்றால் அடுத்த வாரமே மறுபடி எடுத்துப் பயனில்லை. அது ரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. மருந்து, உணவை ஒழுங்குபடுத்தி மூன்று மாதம் கழித்து எடுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் அந்த அளவு பொய்யாக ஏறிக் காட்டலாம், ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.

புதிய ஆவணங்களோடு மறுபரிசீலனை கேட்கும்போது, கூடுதல் பிரீமியம் கட்டத் தயார் என்று சேர்த்து எழுதுவது உதவும். பதிலே வராவிட்டால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசா அல்லது 155255 என்ற தொலைபேசி எண். ஆனால் யாருக்குப் பாலிசி தருவது என்பது நிறுவனத்தின் முடிவு. ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுக் குறைகளைத் தீர்க்கும் நடுவர்) பெரும்பாலும் க்ளைம் மறுப்பு, பிரீமியம் வாங்கியும் பாலிசி தராதது போன்றவற்றுக்குத்தான். மனநோயையோ எச்.ஐ.வி.யையோ மட்டும் காட்டி மறுத்தால் நிலைமை வேறு. இரண்டுக்கும் 2017-இல் வந்த சட்டங்கள் உண்டு: மனநலப் பராமரிப்புச் சட்டம், எச்.ஐ.வி.-எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். புகாரில் அவற்றைக் குறிப்பிடுங்கள்.

எல்லாக் கேள்விக்கும் "இல்லை" போட்டு ஓடிபி வாங்கிக்கொள்ளும் ஏஜென்ட்டிடம் கவனம். பாலிசி வந்ததும் உள்ளே இருக்கும் விண்ணப்ப நகலைப் படியுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பலாம். மறைத்து வாங்கிய பாலிசி க்ளைம் நேரத்தில்தான் கையைவிரிக்கும். 60 மாதம் தொடர்ந்து கட்டினால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று சிலர் தைரியம் சொல்வார்கள், நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கதவு நிஜமாகவே மூடிவிட்டால், சர்க்கரை மட்டும் இருப்பவர்கள் புற்றுநோய்க்கு மட்டுமான பாலிசியைக் கேட்டுப் பார்க்கலாம். அலுவலகக் குழுக் காப்பீட்டில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர் இருப்பது வழக்கம், வேலை மாறும் முன் அதை யோசியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் தமிழகக் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 5 லட்சம் வரை தருகிறது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆயுஷ்மான் பாரத் உண்டு. இவை சிகிச்சைச் செலவுக்கு மட்டுமே. சம்பளம் நின்றுபோகும் மாதங்களுக்குத் தனியாக வைப்புத்தொகை சேர்க்க வேண்டும்.

நோயில்லாத கணவனோ மனைவியோ இப்போதே தனியாக விண்ணப்பிக்கலாம். குடும்ப வரலாறு பற்றிய கேள்வி ரத்த உறவுகளைப் பற்றியது. உங்கள் சர்க்கரை அவர்கள் கணக்கில் வராது.