மண் பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பக்கம்

போன வாரம் ஓர் இளம் பொறியாளர் மண் பரிசோதனை அறிக்கையோடு வந்தார். உட்கார்ந்ததும் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "சார், தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 12 டன். வரைபடத்தில் எழுதிவிடட்டுமா?" எனக்குச் சுருக்கென்றது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அந்தப் பக்கத்தை மட்டும்தான் படித்தேன். அறிக்கையைப் படிப்பதில் நாம் செய்யும் தவறுகள் சில இங்கே.

எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது

அஸ்திவாரத்தின் ஆழம், அகலம், நிலத்தடி நீர்மட்டம், கட்டடம் எவ்வளவு அமிழ்ந்தால் தாங்கும் என்ற வரம்பு, இத்தனையையும் வைத்து, மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் தாங்குதிறன். இரண்டரை மீட்டருக்குச் சொன்ன 12 டன் ஒரு மீட்டரில் செல்லாது.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மாடி வீடு, கரிசல் மண். வீங்கும் மேல் அடுக்கைத் தாண்டி, இரண்டரை மீட்டரில் அஸ்திவாரம் அமைய வேண்டும் என்று அறிக்கையில் தெளிவாக இருந்தது. நான் வரைபடத்தில் 12 டன் என்று மட்டும் எழுதினேன். சித்திரை வெயிலில் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டினார்கள். ஒன்றேகால் மீட்டரிலேயே கடப்பாரை தெறித்தது. "மண் இரும்பு மாதிரி இருக்கிறது, சார், போதும்" என்றார் மேஸ்திரி. சரி என்றேன்.

ஐப்பசி மழையில் அந்த இரும்பு ஊறி உப்பியது. பங்குனியில் காய்ந்து சுருங்கியது. இரண்டாம் ஆண்டு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. ஒரு ரூபாய் நாணயம் அதற்குள் நுழைந்தது. பூச்சு விரிசல் என்று நம்பி அந்த வீட்டு அம்மா மூன்று முறை சிமென்ட் அடைத்திருந்தார். பழுது பார்த்த செலவில் முதலிலேயே அண்டர்ரீம்டு பைல் (அடியில் குமிழ் போல் அகன்ற, ஆழமான கான்கிரீட் தூண்) போட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் எச்சரிக்கை அறிக்கைக்குள்ளேயே இருந்தது. சலித்துக் காயவைத்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. இரண்டு குடுவைகளிலும் மண் நிற்கும் உயர வித்தியாசமே வீக்கத்தின் அளவு. அந்த அட்டவணையை நான் பார்க்கவே இல்லை. இன்றைக்கும் பலர் பார்ப்பதில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

துளைகளுக்கு நடுவே உள்ள கோடு

மண்ணைப் பார்க்க மனையில் சில இடங்களில் துளையிடுவார்கள். ஒரு துளையின் மண் அடுக்குகளை அடுத்த துளையோடு இணைத்து அறிக்கையில் வரைந்த கோடு ஓர் ஊகம். பார்த்த மண் 15 சென்டிமீட்டர் அகலத் துளைக்குள் வந்ததுதான். நடுவில் தூர்த்த கிணறு இருந்தால் கோட்டுக்குத் தெரியாது. மனையின் பழைய கதையை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

பக்கத்து மனையின் அறிக்கை

இரவல் வாங்காதீர்கள்.

நீர்மட்டம்

அளந்த தேதியைப் பாருங்கள். மே மாத அளவு டிசம்பருக்கு உதவாது.

மாடி கூடிய பிறகும் அதே அறிக்கை

ஒரு மாடிக்கென்று துளையிட்ட அறிக்கையை வைத்து மூன்று மாடி எழுப்புகிறார்கள். கீழே வாகன நிறுத்தமும் தோண்டுகிறார்கள். அஸ்திவார அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஆழமாவது அதன் அடியில் மண்ணைப் பார்த்திருக்க வேண்டும். அகலம் கூடினால் துளையின் ஆழமும் கூட வேண்டும். திட்டம் மாறியதும் அறிக்கை எழுதியவரிடம் திரும்பப் போங்கள்.

அந்த இளைஞரோடு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அவருடையதும் கரிசல் மனைதான். வரைபடத்தில் இப்போது இப்படி இருக்கிறது: "12 டன், இரண்டரை மீட்டர் ஆழத்தில், சுக்கான் (சுண்ணாம்புக் கல்) அடுக்கின் மேல். மண் பொறியாளர் வானத்தில் இறங்கிப் பார்த்த பிறகே கான்கிரீட்."