பழைய டீசல் ஜீப்பில் ஏர் எடுக்கிறதா? வீட்டிலேயே தேடிப் பிடிப்பது எப்படி

என்னுடையது மஹிந்திரா எம்எம்540. பீஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், 2112 சிசி. போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்குப் பல வருடம் ஆளும் மூட்டையும் ஏற்றிப்போன வண்டி, இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் எடுக்கிறேன். போன மார்கழியில் தினமும் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. டீசல் குழாய்க்குள் வெளிக்காற்று நுழைந்ததுதான் காரணம், இதைத்தான் ‘ஏர் எடுக்கிறது’ என்பார்கள். அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. இந்தப் பதிவைப் படித்தால் உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அறிகுறி இதுதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் செல்ஃப் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. நாலைந்து முறை அடித்த பிறகு ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர் என்று தடுமாறிப் பிடித்து, அரை நிமிடம் உதறிவிட்டுச் சீராகும். அதன் பிறகு நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லை, அணைத்துவிட்டுப் போட்டால் தொட்டவுடன் ஸ்டார்ட். மறுநாள் காலை மீண்டும் அதே கதை.

நான் நேராகப் பம்ப் கடைக்கு (டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் பம்பைப் பழுதுபார்க்கும் கடை) போனேன். பம்பைக் கழற்றி, கேலிபரேஷன் செய்து (அனுப்பும் டீசல் அளவைச் சரிபார்த்து), டீசலைத் தெளிக்கும் நாசில் நாலையும் செட் செய்து, ஒன்பதாயிரம் ரூபாய் ஆனது. பம்பைத் திரும்ப மாட்டும்போது டைமிங்கையும் (டீசல் பாய வேண்டிய நேரம்) புதிதாக வைக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை வண்டி முன்பு போலவே சுற்றிக்கொண்டு நின்றது. ஆகவே பம்பிலும் நாசிலிலும் கடைசியாகக் கை வையுங்கள்.

முதலில் புகையைப் பாருங்கள்

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஓர் ஆள் போதும். காலையில் நீங்கள் செல்ஃப் அடிக்கும்போது வீட்டில் யாரையாவது சைலன்சர் பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சுற்றும்போதே வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. அது பெரும்பாலும் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடேற்றும் பிளக்) கோளாறு, இல்லையென்றால் கம்ப்ரஷன் குறைவு. புகையே இல்லாமல் வெறுமனே சுற்றினால் டீசல் உள்ளே போகவில்லை. அப்படியானால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது நிறுத்தும் கேபிள் முழுசாக உள்ளே போகவில்லை (பம்பில் சோலினாய்டு, அதாவது டீசலைத் திறந்து மூடும் மின்சார வால்வு, உள்ள வண்டி என்றால், சாவி போட்டதும் அதில் ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும்). எனக்குப் புகை வரவே இல்லை. இதை முதல் நாளே பார்த்திருந்தால் அந்த ஒன்பதாயிரம் மிஞ்சியிருக்கும்.

ஹீட்டர் பிளக் சந்தேகம் என்றால் சுலபம். நாலையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒரு ஓம் அளவில் காட்டினால் பிளக் நல்லது. எதுவுமே காட்டாமல் கிடந்தால் எரிந்துபோனது. பட்டையைக் கழற்றாமல் பார்த்தால் ஒன்றின் ரீடிங் இன்னொன்றில் கலந்து ஏமாற்றிவிடும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஈதர் ஸ்ப்ரேயை மட்டும் ஏர் ஃபில்டரில் அடிக்காதீர்கள். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து எரியும், பிஸ்டனும் ரிங்கும் போகும்.

காற்று எங்கே நுழைகிறது

என்னைத் தடுக்கிவிட்ட இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காற்று நுழையும் இடம் என்றால் அங்கே டீசல் கசிந்திருக்கும் என்று நினைத்து, ஈரமான இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். எல்லா இணைப்பும் காய்ந்து சுத்தமாக இருந்தது, அதனால்தான் பம்பின் மேல் சந்தேகம் போனது. கடைசியில் ஏலத்தோட்டத்து ஜீப்புகளையே முப்பது வருடமாகப் பார்த்துவரும் ஒரு மெக்கானிக் அண்ணன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, ஈரத்தத் தேடாத. காஞ்ச எடத்துலதான் காத்து உள்ள போகும்” என்றார்.

விஷயம் இதுதான். டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டாங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குத் தள்ளும் சின்னப் பம்ப்) வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்த வழியில் ஒரு வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். ஃபீட் பம்புக்குப் பிறகு அழுத்தம் இருப்பதால் அங்கே ஓட்டை இருந்தால்தான் டீசல் கசிந்து ஈரமாகும். இன்ஜினை அணைத்த பிறகு குழாயில் நிற்கும் டீசல் மெதுவாக டாங்குக்குத் திரும்ப இறங்கப் பார்க்கும். மேலே எங்காவது காற்று புக வழி இருந்தால் ராத்திரிக்குள் குழாய் காலியாகிவிடும். பகலில் பத்து நிமிடம் நிறுத்தினால் ஒன்றும் ஆகாமல், எட்டு மணி நேரம் நின்றால் மட்டும் மக்கர் செய்வது அதனால்தான்.

இதை உறுதி செய்ய ஒரு வழி: ஒரு ராத்திரி வண்டியை மூக்கு கீழே பார்க்கும்படி சரிவில் நிறுத்துங்கள், சக்கரத்துக்குக் கல் கொடுத்து. டாங்க் இன்ஜினைவிட உயரத்தில் இருந்தால் டீசல் இறங்கிப் போகாது. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம், லைன்தான்.

கேன் சோதனை

ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசல் நிரப்பி, பம்பைவிட உயரமான இடத்தில், பானெட்டுக்குப் பின்னால் ஆடாமல் கட்டுங்கள். மூடியில் சின்னத் துளை இருக்கட்டும். டாங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கேனிலிருந்து ஒரு டீசல் ஹோஸை அங்கே மாட்டுங்கள். லைனில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு (எப்படி என்று கீழே சொல்கிறேன்) ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். ரிட்டர்ன் லைன் (மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) டாங்குக்கே போகட்டும், கேனில் டீசல் குறைவதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஒரே செல்ஃபில் பிடித்தால் கோளாறு டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். பிடிக்கவில்லை என்றால் ஃபீட் பம்ப், ஃபில்டர், அதற்குப் பிறகான பகுதி. டீசல் இப்போது மேலிருந்து இறங்குவதால், அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் இப்போது ஈரமாகவே தெரியும். எனக்கு ஒரே செல்ஃபில் பிடித்தது. இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாக டீ குடித்தேன்.

கேன் கட்ட வசதி இல்லை என்றால், ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஓரடி நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் போட்டு, ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். நல்ல சோதனைதான், ஆனால் காற்று வருகிறது என்று மட்டும் சொல்லும், எங்கிருந்து என்று சொல்லாது. அந்த ஹோஸை அப்படியே விட்டுவிடாதீர்கள், இன்ஜின் சூட்டில் சில மாதங்களில் இறுகி வெடித்துவிடும்.

தேடுவதும் மாற்றுவதும்

டாங்க் மூடியைத் துணி சுற்றி இறுக்கி அடைத்து, ரிட்டர்ன் லைன் வழியாகச் சைக்கிள் பம்பால் மிக மெதுவாக இரண்டு மூன்று அடி அடித்தால் உறிஞ்சு பக்கத்திலும் அழுத்தம் வரும், ஓட்டை இருக்கும் இடம் வியர்க்கும். கம்ப்ரஸரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், டாங்க் உப்பிவிடும்.

எனக்கு வியர்த்தது, சேஸி ஓரமாக வரும் இரும்புக் குழாயையும் ஃபீட் பம்பையும் இணைக்கும் நாலு அங்குல ரப்பர் ஹோஸ். வெடிப்பு கிளாம்புக்கு அடியிலேயே இருந்தது. மேலிருந்து பார்த்தால் புது ஹோஸ் மாதிரிதான் தெரிந்தது, வளைத்தபோதுதான் வாய் திறந்தது.

ஒன்று கிடைத்தவுடன் நிறுத்தாமல் லைனில் உள்ள எல்லா ரப்பரையும் மாற்றிவிடுங்கள். ஒரே வயதுள்ள ரப்பர்கள், ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கும். டீசலுக்கான ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர் ஹோஸும் காஸ் ஹோஸும் வேண்டாம். கிளாம்பில் துளைத் துளையாக வெட்டியிருக்கும் வகை, இறுக்க இறுக்க ரப்பரைச் செதுக்குகிறது. எனக்கு உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் சின்ன போல்ட் வகைதான் பிடிக்கும், நாலு ரூபாய் கூடத்தான், இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

பேன்ஜோ போல்ட்டை (குழாயை இணைக்கும், நடுவில் டீசல் ஓடத் துளை உள்ள போல்ட்) கழற்றினால் இரண்டு பக்கச் செப்பு வாஷரையும் மாற்ற வேண்டும். மலையில் வாஷர் கிடைக்காத நேரத்தில் பழையதை அடுப்புத் தீயில் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி மிருதுவாகும், அப்புறம் தேய்த்துச் சுத்தம் செய்து போடலாம். டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அதன் நூல் பிய்ந்து பம்புக்குள் போனால் அப்போது உண்மையிலேயே பம்ப் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

லைனிலிருந்து காற்றை வெளியேற்றுவது

ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு தெளிந்த டீசல். தெளிந்த பிறகும் பத்து அடி கூடவே அடித்து, அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். கையை எடுத்துவிட்டு இறுக்கினால் ஒரு வாய் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அடுத்து பம்பில் உள்ள ஏர் ஸ்க்ரூவிலும் இதே மாதிரி.

அப்புறம் நாசிலுக்குப் போகும் குழாய்களில் இரண்டின் நட்டை (என் வண்டியில் 17 ஸ்பேனர்) நாசில் பக்கத்தில் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, செல்ஃப் அடியுங்கள். பத்து பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள், இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் கருகும். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்கிவிட்டு, ஹீட்டர் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

அந்த நட்டுப் பக்கம் விரலையோ முகத்தையோ கொண்டுபோகாதீர்கள். நாசிலில் டீசல் நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் பீய்ச்சுகிறது, ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகும், விரலே போகலாம். அப்படி ஆனால் வீட்டில் மருந்து போட்டுப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

கையோடு செய்த மாற்றம்

லைனைத் திறந்ததே திறந்தோம் என்று, டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் அடியில் திருகு உள்ள ஒரு தண்ணீர் பிரிப்பான் கப் வைத்தேன். மழைக்காலத்தில் கேனில் வாங்கி ஊற்றும் டீசலில் தண்ணீர் இருந்தே தீரும், பம்புக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. சைலன்சரிலிருந்து தள்ளி, கல் அடிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். உறிஞ்சு பக்கத்தில் இரண்டு இணைப்புகள் கூடுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம், கப்பின் ரப்பர் வளையத்தில் டீசல் தடவிவிட்டு மாட்டுங்கள்.

சேர்க்கை 1: டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) இன்ஜின் உள்ள மஹிந்திரா கமாண்டர் வைத்திருக்கும் ஒருவர், எல்லாம் செய்தும் ஏர் எடுக்கிறது என்று எழுதினார். 2523 சிசி டிஐ இன்ஜினில் ஹீட்டர் பிளக் இல்லை, அந்தப் பகுதியை விட்டுவிடலாம். அவருடைய கோளாறு, கைப்பம்பின் குமிழை அடித்த பிறகு கீழே அழுத்தித் திருகி மூடாமல் விட்டது. அதன் வழியாகவே காற்று போயிருக்கிறது. இரட்டை ஃபில்டர் உள்ள வண்டியில் ஃபீட் பம்பிலிருந்து டீசல் முதலில் வரும் கப்பில் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு இரண்டாவதில் வெளியேற்றுங்கள்.

சேர்க்கை 2: பீஜோவைக் கழற்றிவிட்டு டிஐ இன்ஜின் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பீஜோவின் மெதுவான ஓட்டம் எனக்கு உயிர், நான் மாற்ற மாட்டேன். மாற்றுவதானால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவைப் படித்துவிட்டு, முதலில் ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சியிலும் பதிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

சேர்க்கை 3: இது முக்கியம். டாங்க் நிறைந்திருந்தால் தொந்தரவே இல்லை, பாதிக்குக் கீழே போனால் மட்டும் ஏர் எடுக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். டாங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் பாதி உயரத்தில் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருந்தது. டீசல் மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்றைக் குடிக்கிறது. கேன் சோதனையில் டாங்க் பக்கம் என்று வந்து, வெளியே எந்த ஹோஸிலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் குழாயை வெளியே எடுத்து, ஒரு முனையை விரலால் மூடி, தண்ணீரில் அமிழ்த்தி ஊதிப் பாருங்கள். பற்றவைத்துச் சரிசெய்வதானால் குழாயைத் தனியாக, டாங்கிலிருந்து தள்ளி எடுத்துப்போய்ச் செய்யுங்கள். திரும்ப மாட்டுவதற்கு முன் தண்ணீர் துளிகூட இல்லாமல் காயவிடுங்கள்.