கிராமத்தில் மலேரியா பார்க்க எவ்வளவு செலவாகும்? சரியாகக் கணக்குப் போடுவது எப்படி

மலேரியாவுக்குக் கிராம அளவில் பட்ஜெட் போடச் சொன்னால் பலரும் போன வருடம் எத்தனை பேருக்கு வந்தது என்று பார்த்து, அதை ஒரு டெஸ்ட் கிட், ஒரு மாத்திரை அட்டை விலையால் பெருக்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். பாதி சீசனிலேயே கிட் தீர்ந்துபோய், காய்ச்சலோடு தூக்கிவந்த குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும்.

முதலில் எண்ண வேண்டியது காய்ச்சல்காரர்களை. சந்தேகப்படும் எல்லோரையும் பரிசோதித்த பிறகே மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது. 100 பேர் காய்ச்சலோடு வந்து 5 பேருக்குத்தான் மலேரியா என்றால், ஒருவரைக் கண்டுபிடிக்க 20 கிட் போகிறது. நோய் குறையக் குறைய இந்த எண்ணிக்கை ஏறும். வீண் செலவு என்று அப்போது பரிசோதனையில் கைவைத்தால் கண்ணில் படாமல் போகும் ஒரே நோயாளியிடமிருந்தே மறுபடி பரவும்.

அடுத்து, சுகாதாரப் பணியாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோயாளிக்கு என்னென்ன செய்கிறார் என்று பாருங்கள். கையுறை, ஸ்பிரிட் பஞ்சு, விரலில் குத்த லான்செட், ஒரு சொட்டு ரத்தம், கிட்டோடு வரும் திரவத்தில் சில சொட்டு, அப்புறம் 15 அல்லது 20 நிமிடம் காத்திருப்பு. பாசிட்டிவ் என்றால் எடை பார்த்து மாத்திரை. ஆர்ட்டிமீதர்-லூமிஃபான்ட்ரின் என்ற கூட்டு மாத்திரை என்றால் 3 நாளில் 6 வேளை. முதல் வேளையைக் கண்முன்னால் விழுங்கவைத்து, வாந்தி எடுக்கிறார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்து, மீதியை வீட்டில் எப்படிக் கொடுப்பது என்று தாய்க்குப் புரியும்வரை சொல்லி, பதிவேட்டில் எழுதி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பணியாளர் தன்னார்வலர் என்றாலும் இந்த நேரத்துக்கு ஒரு விலை போட்டே ஆக வேண்டும், அவர் அன்றைக்கு வேறு வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலி அளவாவது. இதைப் பூஜ்யம் என்று எழுதுவது எனக்கு நியாயமாகவே படவில்லை.

விவாக்ஸ் என்ற மலேரியா கிருமி வகை உள்ள இடமென்றால் இன்னொரு வரி சேருங்கள். கல்லீரலில் தங்கும் கிருமியை அழிக்க பிரைமாகுயின் பொதுவாக 14 நாள் கொடுப்பார்கள், அதற்கு முன் ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருப்பது, இருந்தால் இந்த மருந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நடுவில் வீட்டுக்குப் போய் விசாரிக்கவும் வேண்டும்.

இனி பொதுச் செலவு. பயிற்சி, மேற்பார்வை, வண்டி, பெட்ரோல், கிட்டும் மருந்தும் சூட்டில் கெடாமல் வைக்க இடம். வண்டி போன்றவற்றின் விலையை அவை உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துக்கொள்ளுங்கள். அதே பணியாளர் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் பார்த்தால் நேரத்தை வைத்துப் பங்கு பிரியுங்கள். மேற்பார்வையாளர் ஊருக்குள் போய்வரும் செலவு அங்கே 2 நோயாளி இருந்தாலும் 40 பேர் இருந்தாலும் ஒன்றுதான். அதனால் எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே சராசரி போட்டால், ஆள் குறைந்த தூரத்து ஊர்தான் அடிபடும்.

வலிப்பு, நினைவு தப்புதல் போன்ற ஆபத்து அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வண்டிப் பணம் தனியாக, கையில் இருக்க வேண்டும். 6 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஆசனவாய் வழியாக ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தை வைத்து அனுப்பலாம், ஆனால் அது முழுச் சிகிச்சை ஆகாது, குழந்தை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, குடும்பத்தின் செலவுக்குத் தனிப் பத்தி: பயணம், சாப்பாடு, நோயாளியும் கூட இருப்பவரும் இழக்கும் கூலி. இலவச சிகிச்சையிலும் இந்தச் செலவு இருக்கிறது. பணியாளர் ஊரிலேயே இருந்தால் இதில் எவ்வளவு குறைகிறது என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள், நிதி கேட்கும்போது முதலில் காட்ட வேண்டிய எண் அதுதான்.